அறுபதில் ஒரு பங்கு

புகைப்படக் கழகத் தலைவரிடம் ஒரு லென்ஸ் இருந்தது. லென்ஸிடம் ஒரு தலைவர் இருந்தார் என்றும் சொல்லலாம். அறுநூறு எம்எம். அதைத் தூக்க ஒருவர், முக்காலியைத் தூக்க ஒருவர், "பாத்து, பாத்து" என்று சொல்ல அவர். விமானங்கள் வேடிக்கை காட்டும் நாளில் வேலியை விட்டு வெகுதூரம் தள்ளி, நிழலாகப் பார்த்து முக்காலியை நடுவார். ஷட்டர் வேகம் வினாடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. ஜெட்டுக்கும் அதுதான், புறாவுக்கும் அதுதான்; எது பறந்தாலும் படத்தில் அசையாமல் உறைந்து நிற்கும்.

பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவளைக் கழகத்தில் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள். அவளிடம் இருந்தது பழைய இருநூறு எம்எம். வேலியை ஒட்டி, வெயிலில் நிற்பாள். மூக்கில் விசிறி சுழலும் விமானம் என்றால் ஷட்டரைக் குறைத்துக்கொண்டே வருவாள்: இருநூற்றைம்பது, நூற்று இருபத்தைந்து, கடைசியில் அறுபதில் ஒரு பங்கு. அதற்குள் விசிறி பாதிச் சுற்றுக்கு மேல் சுழன்று, படத்தில் வட்டத் தட்டாக விழும். ஆனால் விமானமும் ஓடுகிறதே. அந்த ஓட்டத்துக்குச் சரியாகக் கேமராவோடு இடுப்பும் திரும்பினால்தான் அதன் உடம்பு கலங்காது. பதினோரு வருடம், குலுங்கும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் சில்லறை கொடுத்த இடுப்பு அது. அப்படியும் இருநூற்றுப் பத்துப் படம் குப்பைக்குப் போயிற்று. ஒன்று தேறியது. மஞ்சள் விமானம், இறக்கையின் ஆணிகளை எண்ணலாம், மூக்கில் வெள்ளித் தட்டு.

அந்த ஒன்று கழகக் கண்காட்சியில் தொங்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. மூன்று வருடமாக அவள் கொடுத்த படங்களின் முதுகில் தலைவர் "தெளிவில்லை" என்று எழுதித் திருப்பியிருந்தார். இந்த முறையும் அதே பேனா.

"விசிறி கலங்கியிருக்கேம்மா," என்றார் தலைவர். "விதி ஏழு. அசைவு தெரியக்கூடாது."

"அசையலேன்னா விழுந்துடும் சார்."

"எது?"

"விமானம்."

பின்னால் யாரோ இருமினார்கள். சளி இல்லாத இருமல்.

"நாலாயிரத்துல எடுத்துட்டு வா. இல்லேன்னா சுவத்துல இடமில்ல."

"இடமில்லேன்னா போகுது சார். நாலாயிரத்துல எடுக்கமாட்டேன்."

கண்காட்சி திறக்கும் காலையில், கூடத்து வாசலுக்கு எதிரே சைக்கிள் நிறுத்தும் கம்பியில் அவள் படத்தைக் கட்டினாள். கயிற்றைப் பிடித்திருந்த தங்கைக்கு முகமெல்லாம் வியர்வை.

"அக்கா, ஊரே சிரிக்கப் போகுது."

"சிரிக்கட்டும். டிக்கெட்டா கேக்கறோம்?"

சிறப்பு விருந்தினர், அதே மஞ்சள் விமானத்தை ஓட்டிய பெண். வாசலில் தலைவர் கத்தரியும் ரிப்பனுமாகக் காத்திருக்க, அந்த விமானி சைக்கிள் கம்பி முன்னால் நின்றுவிட்டாள். தலைவர் இரண்டு முறை தொண்டையைச் செருமிய பிறகே நகர்ந்தாள்.

உள்ளே முதல் சுவர் முழுக்கத் தலைவரின் படம். அதே விமானம். விசிறியின் இரண்டு கைகளும் கட்டையாக நிற்க, நூலில் தொங்கவிட்ட பொம்மைபோல் இருந்தது.

"என்ன தெளிவு பாருங்க," என்றார் தலைவர்.

"தெளிவாத்தான் இருக்கு," என்றாள் விமானி. "எஞ்சின் நின்னுபோச்சுன்னு தெளிவா தெரியுது. எங்கம்மாகிட்ட மட்டும் காட்டிடாதீங்க. வெளிய இருக்கறது யார் எடுத்தது?"

கூட்டம் வெளியே திரும்பியது. தலைவரும் பின்னாலேயே வந்தார், வள்ளல் முகத்தோடு.

"கண்டக்டர், சிறப்பு அனுமதி தர்றேன். உள்ள கொண்டாந்துடு. தண்ணிக் குழாய் பக்கத்துல ஒரு ஆணி சும்மாத்தான் இருக்கு."

"வேணாம் சார். இங்கயே வெளிச்சம் நல்லா இருக்கு." அவள் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். "வேணும்னா உங்களத வெளிய கொண்டாங்க. கம்பில இடமிருக்கு. விதியெல்லாம் ஒண்ணுமில்ல."

தலைவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். படம் பெரியது என்று, கூடத்துக்குள்ளேயே தச்சரை உட்காரவைத்துச் சட்டம் அடித்திருந்தார். வாசல் கொள்ளாது.