கீழ் வரிசைச் சுண்டெலிகள்

எனக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் டீ தொண்டையில் இறங்காது. யார் சிரித்தாலும் என்னை ஏமாற்றிவிட்டுச் சிரிப்பதாகத் தோன்றும். இந்தக் குணத்துக்காகத்தான் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் விலங்கறைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருப்பார்கள். பத்தொன்பது வருடத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு எலி வெளியே போனதில்லை, ஒரு பிடி மரத்தூள் உள்ளே வந்ததில்லை.

அப்படிப்பட்ட என் அறையில், அந்த வசந்தத்தில், நூர்ஜதாவின் சுண்டெலிகள் எடை ஏறின.

நூர்ஜதா நாரின் பக்கத்து மலையிலிருந்து வந்த பெண். முனைவர் பட்டத்துக்காக, கல்லீரலில் கொழுப்பு எப்படிப் படிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் வரிசையில் நான்கு கூண்டு, கீழ் வரிசையில் நான்கு கூண்டு, கூண்டுக்கு ஐந்து வெள்ளைச் சுண்டெலி. மேல் வரிசைக்கு மாட்டுக் கொழுப்பு கலந்த தீவனம். கீழ் வரிசைக்கு உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் போடுகிற சாதாரண உலர்ந்த வில்லை. மற்றபடி எல்லாம் ஒன்றுதான்: அதே மரத்தூள், கூடு கட்ட அதே காகித நாடா, இருபத்திரண்டு டிகிரி, பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு. மேல் வரிசை கொழுக்க வேண்டும், கீழ் வரிசை அப்படியே இருக்க வேண்டும். ஆனால் கீழ் வரிசையும் பெருத்தது.

முதலில் தீவனம் விற்றவனைச் சந்தேகப்பட்டேன். மூட்டையின் தையலைப் பிரித்து, வில்லையை வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதித்தேன். குற்றமில்லை. பிறகு தராசைச் சந்தேகப்பட்டேன். அதிலும் குற்றமில்லை. அப்புறம் ஒன்று கண்ணில் பட்டது. சனிக்கிழமைகளில் கீழ் வரிசையின் கம்பித்தட்டில் வில்லை நிறைய மிஞ்சியிருந்தது. தின்னாமலே ஒரு பிராணி கொழுக்குமா? யாரோ வேறு எதையோ போடுகிறார்கள்!

இயக்குநர் ஷைலோபெக்கிடம் சொன்னேன். அவர் மேசையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஆள் யாருன்னு சொல்லுங்க, சைராகுல் எஜே. அந்த ஆள் வீட்டுக்குப் போகணும். ஆள் கிடைக்கலன்னா பொறுப்பாளர் நீங்கதான், சாவியைக் குடுத்துட்டுப் போயிடுங்க."

எஜே என்றால் அக்கா. அப்படி மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே கழுத்தை அறுக்கிற ஆள் அவர்.

விலங்கறைக்குள் போய்வர உரிமையுள்ளவர்கள் மூன்றே பேர். நான், நூர்ஜதா, கூண்டு கழுவுகிற தொலோகோன் பைகே. சொந்த ஆராய்ச்சியில் நூர்ஜதா மண்ணைப் போட்டுக்கொள்ள மாட்டாள். நானோ நான். மிஞ்சியது பைகே. அறுபத்தொரு வயது, முழங்கால் வலி, பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருடம். பைகே என்றால் அண்ணன்; எல்லோருக்கும் அவர் அண்ணன். எனக்கும் அப்படித்தான் இருந்தார், அந்த வாரம் வரைக்கும்.

அதற்கப்புறம் அவர் செய்வதெல்லாம் திருட்டாகவே தெரிந்தது. கூண்டுகளுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து ஏன் முணுமுணுக்கிறார்? மேல்கோட்டின் இடது பாக்கெட் ஏன் எண்ணெய்க் கறையாக இருக்கிறது? போகும்போது தினமும் எதற்கு ஒரு பை?

"பையில என்ன, பைகே?"

"பழைய மரத்தூளு. தக்காளிச் செடிக்குப் போட்டா நல்லா வரும். வேணுமா?"

"கொட்டிக் காட்டுங்க."

அவர் வாசலில் எல்லோரும் பார்க்கப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மரத்தூள்தான். கீழே குனிய முடியாமல் குனிந்து, அதைக் கையாலேயே திரும்ப அள்ளினார். நான் உதவவில்லை. இன்று மரத்தூள் என்றால் நேற்றும் மரத்தூளா என்றுதான் என் புத்தி போயிற்று.

வியாழக்கிழமை கீழ் வரிசையின் மரத்தூளைச் சலித்தேன். மஞ்சளாக, பிசுபிசுப்பாக நாலைந்து துணுக்குகள் கிடைத்தன. கொழுப்புத் தீவனமும் மஞ்சள்தான், பிசுபிசுப்புதான். ஆக, மேல் வரிசைத் தீவனத்தைக் கீழ் வரிசைக்குப் போடுகிறார். எதற்கு? இந்தப் பெண்ணைக் கவிழ்க்க யாரோ அவர் கையில் எதையோ வைத்திருக்கிறார்கள். துணுக்குகளைக் காகிதத்தில் மடித்து, இரண்டு பக்கத்துக்குப் புகாரும் எழுதி, இயக்குநரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு டீ நன்றாக இறங்கியது.

மறுநாள் வெள்ளி. காலையில் வழக்கம்போல நூர்ஜதா நடைவழியில் பொட்டலங்களோடு வந்தாள். குளிர்காலத்தில் அவளுடைய அம்மா இறந்துபோனாள். அதிலிருந்து ஒவ்வொரு வியாழன் மாலையும் விடுதி அறையில் எண்ணெய் காயவைத்து, அந்த மணம் அம்மாவுக்குப் போகட்டும் என்று ரொட்டி பொரிப்பாள். விடிந்ததும் பங்கு போட்டுக் கொடுப்பாள்; யார் சாப்பிட்டாலும் இறந்தவருக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் நம்பிக்கை. விடுதிக்காரிக்கு, காவலாளிக்கு, எனக்கு.

"எஜே, இன்னிக்குக் கொஞ்சம் பெரிசா வந்திருக்கு. மெத்துன்னு இருக்கும்போதே சாப்பிடுங்க."

"அம்மாவுக்குப் போய்ச் சேரட்டும், மகளே" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

எனக்குச் சர்க்கரை வியாதி. மைதா, எண்ணெய் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் இறந்தவர் பெயரில் வரும் ரொட்டியை வேண்டாம் என்று சொல்ல எந்தக் கிர்கீஸ்காரிக்கு நாக்கு வரும்? குப்பையில் போடவும் கை வராது. ரொட்டியைக் குப்பையில் போட்டவள் என்ற பேரோடு நான் சாக விரும்பவில்லை. ஆகவே அவள் படியேறியதும், எல்லா வெள்ளிக்கிழமையும் செய்வதுபோல, பொட்டலத்தை பைகேயிடம் நீட்டினேன்.

"யார் வாயிலயாவது போகட்டும். தரையில மட்டும் விழக் கூடாது."

முந்தின நாள்தான் அவர் வேலைக்கு உலை வைத்திருந்தேன். ஆனாலும் கை தானாக நீண்டது. அவரும் தானாக வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். இடது பாக்கெட்டில்.

பத்து மணிக்கு மூன்று பேரையும் இயக்குநர் கூப்பிட்டார். என் புகாரை உரக்கப் படித்தார். நூர்ஜதாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

"பைகே, நீங்களா?" என்றாள். "நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

ஷைலோபெக் காகிதத்தைப் பிரித்துத் துணுக்கை மூக்கருகில் கொண்டுபோனார்.

"இது நம்ம தீவனமில்லையே. புளிச்ச மாவு வாசனை அடிக்குது. பொரிச்ச ரொட்டி இது. யார் குடுத்தது, பைகே?"

"யாரும் குடுக்கல. நான்தான் போட்டேன். மேல இருக்கிறதுங்களுக்குக் கொழுப்பும் நெய்யுமா போடறோம். கீழ இருக்கிறதுங்க காஞ்ச உருண்டையைக் கடிச்சுக்கிட்டு மேலயே பாத்துக்கிட்டிருக்குங்க. பங்கு ஏழைக்குத்தானே போகணும்? பிச்சுப் போட்டேன். ஆராய்ச்சி கெட்டுப்போகும்னு எனக்குத் தெரியல."

"ரொட்டி ஏது?"

"வீட்டுலருந்து."

பொய். அவர் மனைவி நாலு வருடமாகப் படுக்கையில் இருக்கிறாள். அந்த வீட்டில் யார் ரொட்டி பொரிக்கிறார்கள்? சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நூர்ஜதா நிற்கிறாள், நீ பேசாதே என்று சொல்வதுபோல் பார்த்தார். என்னைக் காப்பாற்றுகிறார், நான் வாசலில் பை கவிழ்க்கச் சொன்ன மனுஷன். இன்னும் ஒரு நிமிஷம் நான் சும்மா இருந்தால் போதும், அவர் வீட்டுக்குப் போவார், சாவி என்னிடமே இருக்கும். சும்மா இருக்கத்தான் நினைத்தேன், மறைப்பானேன். ஆனால் ஷைலோபெக் பேனாவைத் திறந்ததும் ஓரடி மேசைப் பக்கம் எடுத்து வைத்தேன்.

"ரொட்டி என்னோடது" என்றேன். "நூர்ஜதா எனக்குக் குடுத்தது. வாராவாரம் வாங்கி அவர்கிட்ட தள்ளிவிட்டேன். எனக்குச் சர்க்கரை இருக்கு. வேண்டாம்னு சொல்ல வாய் வரல. பதினாலு வாரமா ஒரு வாய் நான் சாப்பிட்டதில்ல."

ஷைலோபெக் பேனாவை மூடினார். மேசையைக் காட்டினார். பத்தொன்பது வருடச் சாவியை எடுத்து அங்கே வைத்தேன். பைகேயை வேலைக்குப் போகச் சொன்னார். அவர் கதவருகிலேயே நின்றார்.

நூர்ஜதா திட்டுவாள் என்று காத்திருந்தேன். மூன்றரை மாத வேலை போயிற்று, நாற்பது சுண்டெலியும் வீண், எல்லாம் முதலிலிருந்து. திட்டியிருந்தால் எனக்கும் திருப்பி ஏதாவது சொல்ல வழி கிடைத்திருக்கும். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

"பைகே," என்றாள், "அதுங்க சாப்பிட்டுச்சுங்களா? இல்ல, சும்மா கடிச்சுப் போட்டுச்சுங்களா?"

"சிந்தின நாலு துணுக்கு போக மிச்சமே வைக்கல, மகளே. கையில நின்னு வாங்கித் தின்னுச்சுங்க."

அவள் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்" என்றாள்.