பாறை மாஸ்டரின் வலது பாதம்

ஊரார் அவருக்கு இட்ட பெயர் பாறை மாஸ்டர். கார் ஓட்டக் கற்பவர்கள் எத்தகைய அமளி நிகழ்த்தினாலும் பக்கத்து இருக்கையில் அவர் முகம் சலித்ததில்லை. எதிரே சிமெண்டு லாரி வரும். ஓட்டுபவர் பிரேக்கைத் தேடுவதற்காக ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துவிடுவார். மாஸ்டரோ இமை தாழ்த்தி, இதழோரத்தில் ஒரு குறுநகை தவழ, நெடுந்தவத்தில் அமர்ந்தவர்போல் இருப்பார். கார் எப்படியோ நின்றுவிடும். "சபாஷ். நல்லா நிறுத்தினீங்க" என்பார்.

முகம்தான் பாறை. பாதம் அப்படியன்று.

பயிற்சிக் காரில் கற்பிப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அவர் மிதித்தால் மணி ஒலிக்கும்படி அந்தக் காரைச் சமைத்தவர்கள் அமைத்திருந்தார்கள். கார் வந்த வாரமே மாஸ்டர் அந்த மணியின் வயரைத் தம் திருக்கரத்தாலேயே துண்டித்துவிட்டார். "சத்தம் கேட்டா படிக்கிறவங்க மிரண்டுடுவாங்க" என்று தமக்குத் தாமே காரணம் சொல்லிக்கொண்டார். அன்றுமுதல் அவருடைய வலது பாதம், எவரும் அறியாமல், ஓசையின்றி, இடையறாது தொண்டாற்றி வந்தது. நாய் குறுக்கே வந்தால் மிதித்தது. நாய் வரக்கூடும் என்று தோன்றினாலும் மிதித்தது. அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் தாமே பிரேக் போட்டதாக எண்ணி மகிழ்ந்தார்கள். லைசென்ஸ் தேர்வில் மட்டும் அவர்களுக்கு ஏன் வண்டியை நிறுத்த வரவில்லை என்பது ஒருவருக்கும் விளங்காத மறைபொருளாய் இருந்தது.

மாஸ்டரின் மனைவிக்கும் பயிற்சியளிக்கும் உரிமம் உண்டு. அலுவலகச் சுவரில் அவர் உரிமத்துக்குப் பக்கத்திலேயே அதுவும் கண்ணாடிச் சட்டத்துக்குள் பல ஆண்டுகளாகக் காத்துக் கிடந்தது. கற்பிக்கும் இருக்கையை அவள் கேட்கும்போதெல்லாம் மாஸ்டர் சிரிப்பார்.

"பல்லியைப் பாத்தா நாற்காலி மேல ஏறுறவ நீ. அந்த சீட்டுல உக்காந்தா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் பிரேக்கை மிதிச்சுடுவ. மிதிக்கிற மாஸ்டர்கிட்ட யாரு கத்துப்பா?"

"நீங்க மிதிச்சதே இல்லையா?"

"நான் மிதிச்சேன்னு ஒரே ஒருத்தர் சொல்லட்டும். அன்னைக்கே அந்த சீட்டு உனக்கு."

இதை அவர் வாசலில் நின்று, நாலு பேர் காதுபடச் சொல்லியிருந்தார்.

காருக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்த வேண்டிய நிலை வந்தது வேறொரு கதை. பாத்திரக் கடைக்காரர் ஒருவர் படிக்க வந்திருந்தார். தண்ணீர் வாங்குவதற்காக மாஸ்டர் வழியில் இறங்கி, "கொஞ்சம் முன்னால போய் நிறுத்துங்க" என்றார். மனிதர் முன்னால் போனார், நிறுத்தத்தான் வரவில்லை. திரும்புவது எப்படி என்ற பாடமும் அவருக்கு இன்னும் ஆகியிருக்கவில்லை. ஆதலால் பெட்ரோல் தீரும்வரை நேராகவே போய், அடுத்த ஊரையும் கடந்து, ஒரு வயல்வெளி ஓரத்தில் அமைதியாக அமர்ந்திருந்தார். அவரைக் கண்டுபிடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுமுதல் அவருக்கு நேரே போனவர் என்பதே பெயராயிற்று.

"இனிமே வண்டி எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள் மனைவி. தன் தம்பியை வரவழைத்தாள்.

தம்பி, கார்களுக்கு அலாரமும் ஸ்பீக்கரும் மாட்டுபவன். நூல் ஒன்று தொங்கினாலும் முடிச்சுப் போடாமல் போகாத சுத்தக்காரன். தீப்பெட்டி அளவுள்ள கருவியை மாஸ்டரிடம் காட்டினான்.

"இதாங்க அத்தான். வானத்துல சுத்துற சாட்டிலைட் இதைப் பாத்துக்கிட்டே இருக்கும். வண்டி எங்க போகுது, எவ்வளவு வேகம், எப்ப பிரேக் மிதிக்கிறாங்க, எல்லாம் அக்கா போனுக்கு வந்துடும்."

"பிரேக் எதுக்குப்பா?"

"யாரு ஒழுங்கா ஓட்டுறா, யாரு தடால்னு மிதிக்கிறான்னு தெரிய வேண்டாமா?"

கற்பவர்களின் பிரேக் தானே என்று மாஸ்டர் தேறினார். தம்பி இடப்பக்க இருக்கைக்குக் கீழே தலையையும், கதவுக்கு வெளியே கால்களையுமாக மல்லாந்து கிடந்து வேலை செய்தான். மாஸ்டரோ வாசலில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அச்சமின்மை குறித்து நீண்டதோர் உரை நிகழ்த்திக்கொண்டிருந்தார். வேலை முடிந்து எழுந்த தம்பி சட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னான்:

"பிரேக்குக்குப் பக்கத்துல ஒரு வயர் அறுந்து தொங்கிச்சு அத்தான். எலி கடிச்சிருக்கு போல. அதோடதான் கருவியைச் சேத்திருக்கேன். இனிமே பிரச்சினை இல்ல."

"எலியா? இருக்கும், இருக்கும்" என்றார் மாஸ்டர். உரையின் உச்சத்தில் இருந்ததால் அந்த எலி தாமே என்பது அவர் நினைவுக்கு எட்டவில்லை.

மறுநாள் காலை முதல் வகுப்பு, சில நாளாகப் படித்துவந்த தையல்காரருக்கு. முப்பது ஆண்டு தையல் மிஷின் மிதித்த கால் அவருடையது. ஆக்சிலரேட்டரையும் அவர் அப்படியே மிதித்தார். நுனிக்கால், குதிகால், நுனிக்கால், குதிகால். கார் சந்தடியான தெருவில் தவளைபோலத் தத்திச் சென்றது. எதிரே சைக்கிள் ஒன்று வந்தது. மாஸ்டர் குறுநகை பூத்தார். பாதம் தன் பணியைச் செய்தது.

"சபாஷ். நல்லா நிறுத்தினீங்க."

"நானா மாஸ்டர்?" தையல்காரர் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். "என் காலு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. ஆனா நின்னுடுச்சு பாருங்க."

"அதான் கை வந்த கலை."

மனைவியிடமிருந்து போன் வந்தது.

"ஏங்க, யாருக்குங்க இப்ப வகுப்பு? என் போன் கத்திக்கிட்டே இருக்கு. திடீர் பிரேக், திடீர் பிரேக்னு ஓயாம வருது."

"தையல்காரர். மிஷின் மிதிச்ச காலு."

"பாவம். மெதுவா மிதிக்கச் சொல்லுங்க."

அடுத்து வந்த பள்ளிக்கூட டீச்சருக்கும் அதே கதை. அவருக்கு அடுத்தவருக்கும் அதே. மாஸ்டர் ஒவ்வொருவர்மேலும் ஒவ்வொரு பழியைச் சாற்றினார். ஒருவருக்குச் செருப்பு சரியில்லை, மற்றவருக்குத் தூக்கம் போதவில்லை. நண்பகலில் வகுப்பில்லாத வேளை, காரை ஒரு மரநிழலில் நிறுத்தி, பழக்கத்தால் இடப்பக்க இருக்கையிலேயே அமர்ந்து இளைப்பாறினார். சாலையில் எவனோ ஒருவன் ஸ்கூட்டரைப் பேருந்துக்கும் சுவருக்கும் நடுவே செலுத்தினான். அவனுக்காகவும் மாஸ்டரின் பாதம் மிதித்தது. கருணைக்கு எல்லை ஏது?

உணவுக்கு வீடு வந்தபோது மனைவி போனை அவர் கண்முன் நீட்டினாள். வரைபடத்தில் பச்சைப் புள்ளி ஒன்று.

"இதுதான் நம்ம கார். கொஞ்ச முன்னால மரத்தடியில நின்னிருக்கு. பாத்தீங்களா?"

"ஆமா."

"நிக்கிற வண்டியில யாருங்க திடீர் பிரேக் போட்டது?"

மாஸ்டரின் கையிலிருந்த கவளம் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"கருவி கோளாறா இருக்கும்."

"அப்படித்தான் தம்பியும் சொன்னான். இடப்பக்க பிரேக் கிட்ட ஏதோ எலி கடிச்ச வயரோட சேத்தானாம். நாளைக்கும் பாருங்க, இப்படியே வந்தா நான் வந்து பிரிச்சுப் பாக்குறேன்னான்."

அந்தக் கணத்தில்தான் எலியின் திருவுருவம் மாஸ்டருக்குத் தெள்ளத் தெளிவாகக் காட்சியளித்தது. கற்பவர்களின் கால் அன்று. தம் காலே விண்ணுக்கும் அங்கிருந்து மனையாளின் மடிக்கும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. கதவடைத்த அறையில் செய்ததையும் அறிபவன் ஒருவன் உண்டு என்று அவர் நாள்தோறும் வழிபாட்டில் சொல்வதுண்டு. அவன் இப்படித் தீப்பெட்டி அளவில் வருவான் என்று எதிர்பார்த்ததில்லை.

வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாளை முழுதும் மிதிக்கக் கூடாது. கருவி அடங்கினால் தம்பி வரமாட்டான். தம்பி வராவிட்டால் பாறை பாறையாகவே இருக்கும்.

மறுநாள் மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையின்மேல் சம்மணமிட்டு அமர்ந்தார். வலது பாதத்தை இடது தொடைக்குக் கீழே செருகி, அதன்மேல் தம் எடை முழுவதையும் வைத்தார்.

"என்ன மாஸ்டர், இன்னைக்கு யோகாவா?" என்றார் தையல்காரர்.

"உங்க மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை. காலே தேவையில்ல."

தையல்காரரின் முகம் மலர்ந்தது. நம்பிக்கை பெற்ற மனிதர் முன்னிலும் விரைவாகத் தைத்தார். தெருமுனை வந்தது. தொடைக்குக் கீழே பாதம் துடித்தது. மாஸ்டர் அதைக் கையால் பற்றி அமுக்கினார். குறுநகை மட்டும் குறையவில்லை.

"மாஸ்டர், வளைவு வருது."

"வரட்டும்."

"மாஸ்டர், நிக்க மாட்டேங்குது. நேத்து நின்னுச்சே?"

"பிரேக்… பிரேக்கைப் போடுங்க."

"அது எங்க இருக்கு?"

தாம் இத்தனை நாளும் அந்த மனிதருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. தானாகவே நின்றுவிடும் வண்டியில் நிறுத்தும் பாடத்துக்கு இடமேது? பாதத்தை விடுவிக்க முயன்றார். அது மரத்துப்போய், வேறு யாருடைய காலோ என்பதுபோல் கிடந்தது. கார் வளைவைப் பொருட்படுத்தாமல் நேரே சென்று, வீடு கட்டுவதற்காகக் கொட்டியிருந்த மணற்குவியலின்மேல் மெல்ல ஏறி, உச்சியில் சிறிது யோசித்து, அங்கேயே நின்றது. கொத்தனார்கள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள்.

மனைவியும் தம்பியும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்கள். பச்சைப் புள்ளி சாலையை விட்டு விலகி நிற்பதை அவள் போனில் கண்டிருந்தாள்.

"அடி ஏதும் படலையே?"

"ஒன்னுமில்ல" என்றார் மாஸ்டர், சம்மணம் கலைக்க இயலாமல். "மணல்ல ஏத்துற பயிற்சி."

"பிரேக் ஒன்னுகூட பதிவாகலைங்க. நேத்து அத்தனை. இன்னைக்கு மணல்மேட்டுல ஏறியும் ஒன்னு இல்ல. தம்பி, பாருடா."

தம்பி மறுபடியும் மல்லாந்தான். வயரைத் தடவிக்கொண்டே வந்து, இடப்பக்க பிரேக்கைக் கையால் அமுக்கினான். மனைவியின் கையில் போன் கூவியது. விட்டு மறுபடி அமுக்கினான். மறுபடி கூவியது. பிறகு வயரின் நுனியை வெளிச்சத்தில் பிடித்தான்.

"அக்கா, இது எலி கடிச்சது இல்ல. கட்டர்ல வெட்டினது. சுத்தமா வெட்டியிருக்கு. இது மணிக்குப் போற வயர்."

மனைவியின் பார்வை வயரிலிருந்து பிரேக்குக்கும், அங்கிருந்து தொடைக்கடியில் ஒளிந்திருந்த பாதத்துக்கும் படிப்படியாகப் போய்ச் சேர்ந்தது.

முதலில் வாய் திறந்தவர் தையல்காரர்.

"அப்ப… சைக்கிள்காரர் வந்தப்ப நிறுத்தினது நான் இல்லையா மாஸ்டர்?"

"பாதி நீங்க" என்றார் மாஸ்டர்.

"எந்தப் பாதி?"

தையல்காரர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என் சம்சாரத்துகிட்டகூட சொல்லிட்டேனே, எனக்குப் பிரேக் பிறவியிலேயே வந்துதுன்னு."

"ஏங்க" என்றாள் மனைவி. சினமில்லை அவள் குரலில். அதுதான் மாஸ்டரை அதிகம் அச்சுறுத்தியது. "பல்லியைப் பாத்து நாற்காலி மேல ஏறுறவ நான். நீங்க யாரைப் பாத்து சீட்டு மேல ஏறி உக்காந்திருக்கீங்க?"

கொத்தனார் ஒருவர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

"இறங்குங்க. நாலு பேர் முன்னால சொன்ன வார்த்தை."

"கால் மரத்துப் போச்சு."

"டேய் தம்பி, அத்தானைத் தூக்கு."

தம்பி பாறையை அகழ்ந்தெடுத்து மணல்மேல் உட்கார வைத்தான். காரைப் பின்னால் எடுத்துச் சாலையில் விட்டான். மனைவி போனை அவனிடம் கொடுத்துவிட்டு இடப்பக்கம் ஏறி அமர்ந்து, மறுபடி ஸ்டியரிங் முன் உட்கார்ந்த தையல்காரரிடம் திரும்பினாள்.

"அண்ணே, நடுவுல இருக்கே, அது பிரேக். வலது பக்கம் இருக்கிறது மிஷின் இல்ல. போகலாமா?"

கார் புறப்பட்டது. சிறிது தூரம் தத்தியது. பிறகு தெருமுனையில், தையல்காரரின் காலாலேயே நின்றது. உள்ளேயிருந்து அவர் கைதட்டும் ஓசை கேட்டது. ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லும் மனைவியின் குரலும் உடனே கேட்டது. தம்பியின் கையிலிருந்த போன் வாய் திறக்கவில்லை.

இப்போது கற்பிக்கும் இருக்கை அவளுடையது. மாஸ்டர் அலுவலகத்தில் போனும் கையுமாகப் பச்சைப் புள்ளியைப் பார்த்தவாறு அமர்ந்திருக்கிறார். பிரேக் செய்தி ஒன்றுகூட வருவதில்லை. அந்த அமைதிதான் அவரை வாட்டுகிறது. புள்ளி சந்திப்பை நெருங்கும்போது மேசைக்குக் கீழே அவருடைய பாதம் தரையை ஓங்கி மிதிக்கும். தொங்கும் வயரைச் சும்மா விடாத தம்பி, வேலையற்றுக் கிடந்த பழைய மணியைக் கொண்டுவந்து சரியாக அந்த இடத்தில் பொருத்திவிட்டான். "இடம் தேடவே வேண்டாம்க்கா, தரையே தேஞ்சிருக்கு" என்றானாம்.

நேரே போனவர், திரும்பும் பாடத்துக்காக வாசல் பெஞ்சில் காத்திருந்தார். உள்ளே மணி அடித்தது. எழுந்து உள்ளே வந்தார்.

"கூப்பிட்டீங்களா மாஸ்டர்?"

"இல்ல, உக்காருங்க."

அமர்ந்தார். மணி அடித்தது. எழுந்தார்.

"உக்காருங்கன்னா உக்காருங்க. உங்க முறை வரல. அவங்க இப்பத்தான் ரவுண்டானாக்குள்ள போறாங்க."

நேரே போனவர் மெல்ல வந்து மாஸ்டரின் தோளுக்கு மேலே போனை எட்டிப் பார்த்தார். புள்ளி வட்டத்துக்குள் நுழைந்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். மணி நீளமாக, விடாமல் ஒலித்தது. நேரே போனவரும் தம் வலது பாதத்தைத் தரையில் அழுத்தித்தான் இருந்தார். அவருக்குக் கீழே மணி இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.