நெரிசலில் பிறக்கும் நட்சத்திரம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், தில்லிக் குளிர் உள்ளே வந்துவிடும். ஒருத்தியின் முட்டி வலியில் தொடங்கி வானம் வரைக்கும் போகிற கதை ஒன்று சொல்கிறேன்.

மயூர் விஹாரில் ஒரு குடியிருப்பு. அங்கே பொங்கல் விழா என்றால் கும்மி உண்டு. வள்ளியம்மை பன்னிரண்டு வருஷமாக அந்த வட்டத்தில் நிற்பவள். இந்த வருஷம் வலது முட்டி வீங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டிவருமோ என்று தினமும் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை கும்மிக்கு யோசனை சொன்னவள் மூன்றாம் மாடி ஸ்நேகா, விண்மீன் திரள்களை ஆராய்கிறவள். நடுவிலிருந்து இரண்டு கைகள் வளைந்து சுழலும் கேலக்ஸி மாதிரி ஆடலாம் என்றாள்.

பூங்காவில் ஒத்திகை. நடுவிலிருந்து இரண்டு வளைந்த வரிசைகளாக நின்றார்கள். கும்மியை நடத்தும் கோமளா வழக்கம்போலக் கத்தினாள். "பக்கத்து ஆளை விட்டுடாதீங்க!"

வரிசை கலையாமல் சுற்றினால் நடுவில் இருப்பவர்களுக்கு நாலு அடி. ஓரத்தில் நின்ற வள்ளியம்மைக்கோ ஓட்டம். அரைச் சுற்றிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"சரி, அவங்கவங்க நடையில போங்க," என்றாள் கோமளா.

உள்ளே இருந்தவர்கள் முந்த, வெளியே இருந்தவர்கள் பிந்த, நாலு சுற்றில் கைகள் இரண்டும் சுருண்டு சிக்கிக்கொண்டன.

"அச்சா! கேலக்ஸி கேட்டா ஜிலேபி சுத்தி வச்சிருக்கோம்," என்றாள் வரிசையில் நின்ற பூங்கோதை. எல்லோரும் சிரித்தார்கள், கோமளாவைத் தவிர.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த வருஷம் உக்காந்து பாடுங்களேன்," என்றாள் கோமளா வள்ளியம்மையிடம்.

வள்ளியம்மை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தப்பு என்னோடது ஆன்ட்டி," என்றாள் ஸ்நேகா. "வானத்துல ஒரு கையில எப்பவும் அதே நட்சத்திரங்க கைகோத்துக்கிட்டு நிக்கிறதில்ல. நின்னிருந்தா எப்பவோ ஜிலேபிதான். அந்தக் கைங்கிறது ஒரு நெரிசல். நட்சத்திரம் உள்ள வரும், தாண்டிப் போயிடும். நெரிசல் மட்டும் இருக்கும்."

வள்ளியம்மை நிமிர்ந்தாள். "நிஜாமுதீன் பாலத்துல டிராக்டர் ஊர்ந்து போனா பின்னாடி வண்டிங்க சேருமே, அந்த மாதிரியா? வண்டிங்க முந்திப் போய்க்கிட்டே இருக்கும், ஜாம் மட்டும் டிராக்டரோடயே வரும்."

"கிட்டத்தட்ட அதேதான்! வானத்துல டிராக்டர் கிடையாது, கூட்டத்தோட ஈர்ப்பே அந்த வேலையைச் செய்யுது."

"அப்போ இங்க நான் டிராக்டர்," என்று எழுந்தாள் வள்ளியம்மை.

அவள் தன் நடையில் நடந்தாள். எதிர்ப்பக்கம் காமாக்ஷி மாமி. அவருக்கும் என்றைக்கும் அவசரம் இருந்ததில்லை. பின்னால் வந்தவர்கள் நெருங்கி, தோள் உரசி, முந்திப் போனார்கள். உள்வட்டத்தினர் அந்த இருவருக்கும் சற்று முன்னே போய் நடையைத் தளர்த்த, கூட்டம் இரண்டு வளைந்த கைகளானது. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்; கைகள் கலையவில்லை.

"அந்த நெரிசல்லதான் வாயு மேகம் நசுங்கி நட்சத்திரம் பிறக்குது," என்றாள் ஸ்நேகா. "பெரிசெல்லாம் நீலமா எரிஞ்சு, கையைத் தாண்டுறதுக்குள்ள அணைஞ்சிடும். அதனாலதான் கை மட்டும் பளிச்சுன்னு தெரியுது."

விழா அன்று சாயங்காலம் ஒவ்வொருத்தி மணிக்கட்டிலும் ஒரு சின்ன நீல விளக்கு. வள்ளியம்மையையோ மாமியையோ நெருங்கும்போது கைதட்டி ஏற்றினார்கள், தாண்டியதும் அணைத்தார்கள். வள்ளியம்மையைச் சுற்றி நீலம் ஓயவே இல்லை.

"யாரும் அக்காவை அவசரப்படுத்தாதீங்க!" என்று கத்தினாள் கோமளா.

உங்கள் வீட்டில் யாருக்கும் முட்டி வலி வரவேண்டாம் கண்ணுகளா. வந்தாலும், கூடவே நடக்க நாலு பேர் இருக்கட்டும். வீடு நிறைய ஆளும் வெளிச்சமுமாக நன்றாயிருங்கள்.