ஹம்பர்க்கிலிருந்து வந்த நீல வாத்தியம்

கண்டிக்கு அருகே திகன பஸாரில் ரிப்பேர் கடை வைத்திருந்த ஷிஹாப், மனைவி ரிப்காவோடு கடையின் மேல்மாடியிலேயே குடியிருந்தான். டீவி, பேன், ரைஸ் குக்கர், எது வந்தாலும் செய்து கொடுப்பான். ஆனால் மனம் முழுக்கப் பின்னறையில் கிடந்த நீலநிறச் சிந்தசைசர் என்ற மின்வாத்தியத்தில்தான். பிபிஜி என்ற ஜெர்மன் கம்பனி எண்பதுகளின் தொடக்கத்தில் ஹம்பர்க்கில் செய்த 'வேவ்' அது. கண்டியில் மூடிப்போன ஹோட்டலொன்றின் பழஞ்சாமான்களோடு ஊமையாக வந்து சேர்ந்திருந்தது.

ஒலியின் அலைகளைத் துண்டுதுண்டாகச் சேமித்து, வாசிக்கும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நழுவவிடுவது அந்தக் கம்பனியின் வித்தை. எண்பத்தேழில் கம்பனி மூடப்பட்டது. வால்டோர்ப் என்ற இன்னொரு ஜெர்மன் கம்பனி பிறகு அந்த வித்தையைத் தொடர்ந்தது. ஆனால் பழைய நீலப் பெட்டிக்கு உதிரிப்பாகம் கேட்க ஆளில்லை. செத்த சிப்புகளுக்கு மாற்றுத் தேடி ஷிஹாப் அலைந்தபோது கூடவே அலைந்தவன் சமிந்த. குண்டசாலைச் சிங்களவன், கல்யாண வீடுகளில் கீபோர்ட் வாசிப்பவன்.

கடைசியில் ஒருநாள் அது பேசியது. கண்ணாடியை இரும்பால் தடவியதுபோல ஒரு நாதம். சமிந்த வாசிக்க, ரிப்கா மாடிப்படியில் நின்று கேட்டாள். அன்று அவன் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டான்.

2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் வந்தது. வெளியூர்க் கூட்டமொன்று தெருவுக்குள் நுழைந்தபோது ஷிஹாபும் ரிப்காவும் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு மேலே போய் ஒளிந்தார்கள்.

"இது யாருடைய கடை?" என்று கீழே யாரோ சிங்களத்தில் கேட்டான்.

"ஷிஹாப் நானாவுடையது."

பதில் சொன்ன அந்தக் குரல் ரிப்காவுக்குத் தெரியும். கணவனின் கையை இறுக்கிப் பிடித்தாள். அவனும் கேட்டிருந்தான்.

நெருப்பு ஏறுமுன் பின்மதில் வழியாக அவர்களை இழுத்தெடுத்துத் தன் வீட்டில் ஒளித்துவைத்தவர் அயல்வீட்டுச் செல்லச்சாமி. அங்கிருந்தே கடை எரியும் மணத்தை முகர்ந்தார்கள்.

ஊரடங்கு தளர்ந்ததும் ஷிஹாப் சாம்பலைக் கிளறினான். நீலத் தகரம் கொப்புளித்துக் கிடந்தது. வாசிக்கும் கட்டைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அதைத் தூக்க முயன்றபோது வாசலில் சமிந்த நின்றான்.

"நானா, நான் கல்லெறியல்ல. நெருப்பும் வைக்கல்ல."

"பேரச் சொன்னியா?"

"கேட்டாங்க. சொல்லாட்டி என்னையும் அடிச்சிருப்பாங்க."

ரிப்கா முன்னால் வந்தாள். "எங்கட கடைய மட்டுமா காட்டின? மத்தக் கடையெல்லாம்?"

அவன் தலை குனிந்தான். அந்த வரிசையில் முஸ்லிம்களின் கடைகள் மட்டுமே கரியாகி நின்றன. யார் கடை எதுவென்று வெளியூர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்?

"பொட்டியத் தூக்க நானும் புடிக்கிறன் நானா" என்று குனிந்தான் சமிந்த.

"தொடாத." ஷிஹாபின் குரல் உயரவில்லை. "இதத் திருத்தும்போது நீ பக்கத்துல இருந்த. அதுதான் எனக்குத் தாங்க ஏலாம ஈக்கிது. போ."

சமிந்த போனான். மறுநாள் ஷிஹாப் அந்த இரும்பை ஒரு பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை.

இப்போது பிலிமத்தலாவையில் வாடகை அறையொன்றில் குக்கர், பேன் திருத்துகிறான். கீபோர்டோடு யாராவது வந்தால், தெரியாது என்று திருப்பி அனுப்பிவிடுவான். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை.

"பேர் போடாட்டி ஆக்கள் எப்பிடி வாற?" என்று ரிப்கா ஒருமுறை கேட்டாள்.

"வாறவங்க வரட்டும்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த குக்கரைக் கழற்றத் தொடங்கினான்.