தனக்கொடி திரும்பி வர ஒரு குளியலறை

தனக்கொடி வீராம்பட்டினத்துக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தங்கை பார்வதி வீட்டுக்குப் போனவள்தான்.

"ரெண்டு மாசம் இருந்துட்டு வரட்டும் மாமா. இங்க பாத்ரூம் உள்ளயே இருக்கு. படி கிடையாது. உக்கார்ற மாதிரி கமோடும் இருக்கு" என்று பார்வதி சொன்னபோது தேவதாஸ் தலையாட்டினார். நியாயமான பேச்சுதான். முத்தியால்பேட்டையில் அவர்கள் வீட்டுக் குளியலறை பின்பக்கம் தனியாக இருந்தது. ஏறி இறங்க ஒரு படி, உள்ளே பாசி பிடித்த சிமெண்ட் தரை. அந்தத் தரையில்தான் தனக்கொடி வழுக்கி விழுந்தாள்.

இரண்டு மாதம் நாலானது, நாலு எட்டானது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தேவதாஸ் பஸ் ஏறிப் போவார். முதலில் அந்த ஊர்க் கோயிலில் செங்கழுநீரம்மனைக் கும்பிடுவார். பிறகு தனக்கொடி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க, பக்கத்திலேயே தெருமுனை வரை போய் வருவார். எப்போது வருகிறாய் என்று கேட்டால், "பாக்கலாம்" என்பாள். சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

வீட்டில் அவர் இன்னும் இரண்டு பேருக்குத்தான் அரிசி போட்டார். கை அப்படிப் பழகிவிட்டது. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார். மாலையில் போன் பேசுவார்கள். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் நாற்பது வருஷம் லேத் மிஷின் இரைச்சலில் நின்றதில் அவருக்கு இரண்டு காதும் மந்தம். இடது காது அநேகமாகப் போயே விட்டது. போனை வலது காதில் அழுத்திக்கொண்டு, "சத்தமா பேசு, சத்தமா பேசு" என்பார். "கத்தறேங்க. இந்தத் தெருவுக்கே கேக்குது" என்பாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டியா என்பதோடு முடிந்துவிடும். மனசுக்குள் இருக்கிற பேச்சையெல்லாம் கத்திப் பேச முடியுமா? போனை வைத்த பிறகு அவர் அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தரைதான் அவளைத் துரத்தியது, தரையைச் சரி செய்தால் வந்துவிடுவாள் என்று அவர் முடிவு கட்டினார். கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார், சாணால் அளந்தார், திங்கட்கிழமை வருகிறேன் என்றார். நாலு திங்கட்கிழமை போனது. அப்புறம் தேவதாஸ் பத்து நாள் லீவு போட்டுவிட்டுத் தானே இறங்கினார்.

படியை உடைத்து எடுத்தார். பழைய தரையைக் கொத்தினார். அது ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அந்தக் காலத்துக் கொத்தனார் ஏதோ கண்ணளவில் பூசிவிட்டுப் போயிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே கொத்தினார். பிடித்துக்கொள்ள இரண்டு எவர்சில்வர் கம்பிகளைப் பட்டறையிலேயே வளைத்து, முனை உறுத்தாமல் மழுக்கிக் கொண்டுவந்து சுவரில் முடுக்கினார். முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். கமோட் உட்கார்ந்தது. பிறகு வழுக்காத டைல்ஸ். முதல் கல்லுக்கு மஞ்சள் தொட்டு வைத்து, "தாயே, அவ காலு இதுல படணும்" என்று வேண்டிக்கொண்டார். ஒவ்வொரு கல்லின் மேலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். அதன் குமிழி நட்ட நடுவில் நின்றால்தான் அடுத்த கல்லைத் தொடுவார். லேத்தில் அரை நூல் சாய்ந்தால் செய்த உருப்படி குப்பைக்குத்தான் போகும். அவர் கை அதற்குத்தான் பழகியிருந்தது.

சனிக்கிழமை காலை, எல்லாம் காய்ந்த பிறகு, முதல் வாளித் தண்ணீரைச் சந்தோஷமாக ஊற்றினார்.

தண்ணீர் எங்கும் போகவில்லை. நாலு சுவருக்கும் நடுவில் பளபளவென்று அப்படியே நின்றது. மூலையில் தண்ணீர் வெளியேற வைத்த ஜாலி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. குளியலறைத் தரை ஜாலியைப் பார்த்துச் சரிய வேண்டும், அதற்கு வாட்டம் என்று பெயர், பழைய கொத்தனார் தெரிந்துதான் போட்டிருக்கிறான் என்பதெல்லாம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மறுநாள் ஞாயிறு. வா, எல்லாம் முடிந்தது என்று கூப்பிடப் போக இருந்தார். அந்தத் தண்ணீரிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு மாலா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திறந்த கதவு வழியாகத் தரையில் நீட்டிக் கிடந்த இரண்டு கால்கள் மட்டும் அவளுக்குத் தெரிந்தன. "அண்ணா!" என்று கூப்பிட்டாள். "தேவதாஸ் அண்ணா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கால்கள் அசையவில்லை. பதறிப்போய்த் தனக்கொடிக்கு போன் செய்தாள். பிறகு கையிலிருந்த துணி கிளிப்புகளை ஒவ்வொன்றாக வீசினாள். மூன்றாவது கிளிப் முழங்காலில் பட்டதும் தேவதாஸ் வெளியே தலையை நீட்டி, "இன்னாம்மா, காக்கா ஓட்டறியா?" என்றார்.

ஒன்றுமில்லை என்று சொல்ல மாலா மறுபடி போன் போட்டாள். மணி அடித்தபடியே இருந்தது. தனக்கொடி போனை வீட்டிலேயே போட்டுவிட்டு ஆட்டோ ஏறியிருந்தாள்.

முக்கால் மணி நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. பார்வதி ஒரு கையைப் பிடித்திருக்க, தனக்கொடி வாக்கரைத் தட்டித் தட்டி வீட்டுக்குள் புகுந்து, கூடம் தாண்டி, பின்பக்கம் வந்து, படி இருந்த இடத்தையும் கவனிக்காமல் கடந்து, குளியலறைக்குள்ளேயே வந்துவிட்டாள். தண்ணீரை முறத்தால் அள்ளிக்கொண்டிருந்த தேவதாஸ் நிமிர்ந்தார்.

"இன்னா ஆச்சி உங்களுக்கு?"

"எனக்கு ஒன்னும் ஆவலியே. நீ எப்படி வந்த?"

பின்னாலேயே வந்த மாலா நடந்ததைச் சொன்னாள். பார்வதி தரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "பாத்ரூம் கட்டுவீங்கன்னு பாத்தா ஏரி வெட்டி வச்சிருக்கீங்க மாமா. ரெண்டு விரால் குஞ்சு வுடலாம்."

"இதுல குளிக்கணும்னா படகு வேணும்" என்றாள் மாலா. இரண்டு பேரும் சிரித்தார்கள். தேவதாஸும் சிரிக்கப் பார்த்தார். தனக்கொடி மட்டும் சிரிக்கவில்லை. அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் வாக்கரை விடவில்லை. அதைப் பார்த்துவிட்டு மற்ற இருவரும் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போனார்கள்.

தனக்கொடி அவரை அருகில் வரும்படி சைகை காட்டினாள். அவர் மண்டியிட்டார். அவள் அவருடைய வலது காதருகே வாயை வைத்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் மூச்சு அவர் காதில் பட்டது.

"மாலா கூப்டாளாம். பதிலே இல்லியாம்."

"கேக்கலம்மா."

"அன்னிக்கும் உங்களுக்குக் கேக்கல."

அவருக்குப் புரியவில்லை.

"நான் வுழுந்த அன்னிக்கு. நீங்க கூடத்துல பேப்பர் படிச்சிக்கினு இருந்தீங்க. கூப்டேன். கூப்டுக்கினே இருந்தேன். குழம்பு தீஞ்ச வாசன வந்ததும் அடுப்ப அணைக்க எழுந்து வந்தீங்க பாருங்க, அப்பதான் என்னைப் பாத்தீங்க. அரை மணி நேரத்துக்குக் கொறையாது."

தான் வந்து பார்ப்பதற்குச் சற்று முன்புதான் விழுந்தாள் என்று எட்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தார் தேவதாஸ். டாக்டரிடமும் அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

"ஏம்மா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? அந்த மிஷின் பக்கத்துல நின்னுதான என்னைச் சோறு போட்டுக் காப்பாத்துனீங்க. அதுல போன காது. அதக் குத்திக் காட்டுவாங்களா?" அவள் முந்தானையால் அவர் நெற்றியில் ஒட்டியிருந்த சிமெண்டைத் துடைத்தாள். "எனக்குத் தரை பயமில்லீங்க. கூப்ட்டா ஆள் வராதேன்னுதான். இன்னிக்கு மாலா சொன்னதும், நீங்களும் அப்படிக் கிடக்கறீங்கன்னு நெனச்சிட்டேன். எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமே."

ஒரு மனிதரை நோகடிக்கக் கூடாது என்பதற்காக எட்டு மாதம் ஒரு வார்த்தையை விழுங்கி வைத்திருப்பதற்கு எவ்வளவு அன்பு வேண்டும்! அதை இறக்கி வைக்க ஒரு நாளைக் கொடுப்பதும் கடவுள்தான். தேவதாஸ் அழவில்லை. அவள் கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"திங்கக்கிழம பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். காதுக்கு மிஷின் வச்சிக்கிறேன்."

"ரெண்டு வருசமா சொல்றேன். நான் இன்னா கெழவனான்னு கேட்டீங்க."

"கெழவன்தாம்மா" என்றார் அவர். அப்போதுதான் தனக்கொடி சிரித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "அவசரத்துல குளிக்காம வந்துட்டேன். ரெண்டு வாளி தண்ணி புடிச்சி வைங்க" என்றாள்.

"தரைய ஒடச்சித் திருப்பிப் போட்டுடறேன். அப்புறமா..."

"நின்னா நிக்கட்டும். நீங்கதான் முறம் வச்சிருக்கீங்களே."

நாற்காலியைக் கம்பிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். அவள் கம்பியைப் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. பார்வதி அக்காவுக்கு உடை மாற்றிவிட்டு வெளியே வந்தாள். கதவை ஒருக்களித்து வைத்து, தேவதாஸ் அதற்கு முதுகைக் காட்டி வெளியே தரையில் உட்கார்ந்தார்.

"கூப்ட்டா எனக்குக் கேக்காதேம்மா" என்றார், முன்னால் பார்த்தபடியே.

பதில் சொன்னாளோ இல்லையோ, அவருக்குத் தெரியவில்லை. முதுகில் சில்லென்று ஒரு கை தண்ணீர் வந்து விழுந்தது. சட்டை நனைந்தது. நான் இருக்கிறேன் என்று சொல்கிறாள். அவருக்குப் புரிந்தது.

சிறிது நேரத்தில் இன்னொரு கை. பிறகு இன்னொன்று. நடுவில் பார்வதி வந்து உள்ளே ஏதோ கேட்டுவிட்டு, அவர் காதருகே குனிந்து, "மாமா, பெட்டிய நாளைக்குக் கொண்டாந்தா போதுமாம்! அக்கா இன்னிக்கே இங்க இருக்குதாம்!" என்று கத்திவிட்டுப் போனாள்.

தேவதாஸ் அசையாமல் இருந்தார். இந்தத் தடவை கொஞ்சம் தாமதமானது. தலைக்கு ஊற்றிக்கொள்கிறாளோ என்னவோ. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தாள். முதுகு முழுவதையும் காதாக்கிக்கொண்டு அவர் காத்திருந்தார். தண்ணீர் வந்து விழுந்தது.