அயோடினின் தலைப்பக்கம்

இருந்தவர்கள்: ஆய்வு மாணவன். அதே ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் அவனுடைய அக்கா. பேராசிரியர். அலுமினியத் தாள் சுற்றிய ஒரு குப்பி.

இந்தக் கதை அந்தத் தாளிலிருந்து வந்தது. கசங்கிப்போன அதை இன்னும் மேசையறையில் வைத்திருக்கிறேன்.

1

முதல் தொடக்கம்: 'ஹாலஜன் பிணைப்பு என்பது மூலக்கூறுகளுக்கிடையே நிலவும்...'

வேண்டாம். இப்படி எழுதித்தான் என் ஆய்வேட்டில் நாற்பது பக்கம் பாழானது. [என் அல்ல, அவன். அடித்துவிட வேண்டும்.]

சுருக்கமாகச் சொல்கிறேன். கார்பனோடு ஒட்டிய அயோடினுக்கு இடுப்பைச் சுற்றி எலெக்ட்ரான் மண்டிக் கிடக்கும். கார்பனுக்கு நேர் எதிரே, தலைப்பக்கத்தில் மட்டும் பற்றாக்குறை. இன்னொரு மூலக்கூறின் நைட்ரஜன் அங்கே நேராக வந்தால் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் வந்தால் தள்ளிவிடும்.

2

அப்படிப்பட்ட இரண்டு பொருள்களைக் கரைத்துக் குப்பியில் வைத்தான் அவன். கரைப்பான் மெல்ல ஆவியானால் படிகம் வளரும். சனிக்கிழமை நான்கு மணிக்குள் படிகம் இல்லையென்றால் ஆய்வுக்கூடத்தில் இடம் இல்லை என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். குப்பி அசையக் கூடாது. வெளிச்சம் படவே கூடாது, பட்டால் அயோடின் பிய்ந்துகொண்டு வந்துவிடும். தாளைச் சுற்றி, விளிம்பை மூன்று முறை வலப்பக்கமாக மடித்தான்.

தொட்டியருகே நின்று அக்கா கேட்டாள்.

"சாப்பிட்டியாடா?"

"ம்."

"தூங்கினியா?"

"உனக்கு வேற கேள்வியே வராதாக்கா?"

"வேற கேட்டா கடிக்கிற. நாயாவது முதல்ல குரைக்கும்."

[படிகம் வந்துச்சா என்றுதான் அவள் கேட்க நினைத்தாள். கேட்டிருந்தால் கத்தியிருப்பான். அதனால் அவன் இல்லாத நேரங்களில் அவளே தாளைப் பிரித்துப் பார்த்தாள், ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து.]

3

சனிக்கிழமை பேராசிரியர் தாளை உரித்தார். உள்ளே பழுப்புச் சிவப்பாக ஒரு கரைசல். அடியில் ஒன்றும் இல்லை.

"வெளிச்சம் பட்டிருக்கு. யாரு பிரிச்சது?"

தொட்டியில் பிரஷ் சத்தம் நின்றது.

அவன் தாளைப் பார்த்தான். மடிப்பு இடப்பக்கமாக இருந்தது. அக்கா இடதுகைக்காரி.

"நான்தான் சார்."

"அறிவு இருக்கா? லேப் சாவிய அக்காட்ட குடுத்துட்டுக் கெளம்பு."

4

முடிவு ஒன்று: அக்கா ஓடிவந்து உண்மையைச் சொல்லி அழு... அவள் அழுகிற ஆள் இல்லை.

முடிவு இரண்டு: தம்பி பெருந்தன்மையோடு... பொய். படிகம் எப்படியும் வராது என்று அவனுக்கு மூன்று வாரமாகவே தெரியும். ஓடிப்போக ஒரு காரணம் தேவைப்பட்டது. அக்காவின் மடிப்பு கைகொடுத்தது. அவளைக் காப்பாற்றியதாக அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

விட்டுவிட்டேன். சரி, நான்தான். இப்போது ஒரு கிடங்கில் இரவுக் காவல். வாரம் ஒருமுறை அக்கா போன் செய்வாள். "சாப்பிட்டியாடா?" "ம்." அதற்குமேல் இருவரும் போனதில்லை.

5

முடிவு மூன்று என்னிடம் இல்லை. நடந்ததை மட்டும் தருகிறேன்.

சாவியை நீட்டினேன். ஈரக் கையால் வாங்கினாள்.

"டேய்," என்றாள்.

"என்னக்கா?"

அவள் வாய் திறந்தது. அப்போது நான் நின்றிருக்க வேண்டும். 'தெரியும்க்கா, ஆனா உன்னால இல்ல' என்று நேராகச் சொல்லியிருக்க வேண்டும். யார் முதலில் பேசியிருப்பார்கள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் நிற்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு சுற்றுத் திரும்பியது.