தட்டாத விரல்

அந்த மொழிபெயர்ப்பு ஆபீசில் எல்லாரும் அவனைப் புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. அடைக்கலம் கேட்கிற அகதிகள் கொடுத்து, கோர்ட்டுக்குப் போகிற வாக்குமூலங்களை அவன் உரக்கப் படிப்பான். எதிரே மேலாளர் அக்கா இன்னொரு பிரதியில் பேனாவை ஓட்டிக்கொண்டே வருவாள். ஆள் தப்பாகச் சொல்லியிருந்தாலும் திருத்தக்கூடாது. புள்ளி மேசையில் ஒரு தட்டுத் தட்டவேண்டும்; அக்கா அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'அவர் சொன்னபடி' என்று எழுதுவாள். ஏப்ரல் முப்பத்தொன்றாம் தேதி கல்யாணம் ஆனதாக ஒருத்தர் சொன்னதுகூட அப்படித்தான் போனது.

வாக்குமூலத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் அன்றைக்கு வந்ததில் அப்பாவின் தையல் மிஷின் இருந்தது, பின்வாசல் தகரக் கதவு இருந்தது. தம்பி! இது அவன் தம்பி கொடுத்ததுதான்; புள்ளி பக்கங்களைப் புரட்டினான். மூன்றாம் பக்கத்தில், "வீட்டக் கொளுத்தினாங்க. அண்ணன் உள்ளயே கருகிட்டான்" என்றிருந்தது.

மாடிப்படிக்கு ஓடிப்போய் போன் போட்டான்.

"டேய், என்னை எதுக்குடா கொன்ன?"

"உனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"உன் பேப்பர் என் மேசையிலதான்டா கெடக்கு."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னா நம்ப மாட்டாங்கன்னு முகாம்ல கூட இருந்தவன் சொன்னான். பயந்துட்டேண்ணே."

"கேஸ் முடிஞ்சதும் ஒரே ரூம்ல இருக்கலாம்னு உனக்கும் சேத்து கட்டில் வாங்கிப் போட்டிருக்கேன்டா, மடையா!"

"இப்ப மாத்தினா பொய்யன்னு ஊருக்கே பிளேன் ஏத்திடுவாங்க. அங்க போனா என்னை உயிரோட விடமாட்டாங்கண்ணே." சின்ன வயதில் அடி வாங்கினால் அழுவானே, அதே அழுகை.

புள்ளி திரும்பி வந்தான்.

"எங்கய்யா போன, ஏதாவது பொண்ணா?" அக்கா சிரித்தாள். "வா வா, நாளைக்கு விசாரணை. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்."

படிக்க ஆரம்பித்தான். முதல் பக்கம் போனது. இரண்டாம் பக்கத்தில் குரல் கம்மியது.

"தொண்டையில என்ன, தவக்களையா? தண்ணி குடி."

குடித்தான். மூன்றாம் பக்கம். ஒரு தட்டு. அவ்வளவுதான், அந்த அண்ணன் மறுபடி உயிரோடு இருப்பான். ஏன் அந்தக் குறி என்று நீதிபதி கேட்பார். தம்பி திருதிருவென்று முழிப்பான்.

வலது கையைத் தொடைக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டான்.

"அண்ணன் உள்ளயே கருகிட்டான்," என்று படித்தான். அக்காவின் பேனா நிற்காமல் அடுத்த வரிக்குப் போனது. அவனும் போனான்.

கடைசிப் பக்கத்தில் அக்கா கையெழுத்துப் போட்டு, தாள்களை உறைக்குள் தள்ளினாள்.

"பாவம்யா. அந்தப் பையனுக்கு யாருமே இல்ல போல."

"ஆமாக்கா," என்றான் புள்ளி. "யாரும் இல்ல."